அரக்கோணம் வண்டி எங்கள் வீட்டுக்கு

காலை ஒன்பதே முக்காலுக்கு செங்கல்பட்டு ஸ்டேஷனை விட்டு அரக்கோணம் பாசஞ்சர் கிளம்பும். ஊரார் எல்லாரும் "அரக்கோணம் வண்டி போவுது" என்பார்கள். எங்கள் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த ஒரே ஒரு மனிதர் மட்டும் "டைலர் வூடு போவுது" என்பார். அந்த டைலர் நான்தான்.

அவர் ரயில்வே கேட்டுக்காரர். ஸ்டேஷனைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மாட்டுவண்டிப் பாதை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் ஒரு கேட்டு. ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை அங்கே அவருக்கு வேலை. அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒரு தரம் எங்கள் போதகர் பிரசங்கத்தின் நடுவில் அவர் பெயரைச் சொல்லிப் புகழ்ந்துவிட்டார். அதற்கப்புறம் இரண்டு ஞாயிறு மனிதர் கோயிலுக்குள்ளேயே வரவில்லை, வாசற்படியில் உட்கார்ந்து ஆராதனை முடிந்ததும் எழுந்து போய்விட்டார். அப்படிப்பட்டவரை இங்கே பெயர் சொல்லி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

நான் அதிகம் படித்தவன் இல்லை. எட்டாவதோடு நின்று தையல் மிஷினில் உட்கார்ந்தவன். என் விசுவாசமும் அப்படி ஒன்றும் பெரியது இல்லை. பக்கத்தில் நடக்கிறவர்களின் விசுவாசத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் நான். அதில் நான் கெட்டியாகப் பிடித்தது இவருடைய கையை.

வண்டி வருகிறது என்று தெரிந்தால் கேட்டுக்காரர் இரண்டு பக்கமும் கேட்டைச் சாத்திப் பூட்டவேண்டும். பிறகு பச்சைக் கொடியை நீட்டிப் பிடித்து, எஞ்சின் வந்து, பெட்டிகள் போய், கடைசியில் கார்டு வண்டி தாண்டுகிறவரை அசையாமல் நிற்கவேண்டும். கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதானே இருக்கிறது என்று அந்த நேரத்தில் அவர் ஜெபம் பண்ணுவார். ஒரு வண்டிக்கு ஒரு வீடு. அப்போது எங்கள் சபையில் இருபது குடும்பம் இருந்தால் அதிகம். எழும்பூர் போகிற முதல் பாசஞ்சர் போதகர் வீட்டுக்கு. அடுத்தது பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டுக்கு. வண்டி போதாத இடத்தில் இரண்டு வீட்டை ஒன்றாக ஏற்றியிருந்தார்.

இது எனக்குத் தெரிய வந்ததே அவருடைய கொடியால்தான். கொடி ஓரம் பிரிந்துபோனால் புதுக்கொடிக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால் என்னிடம் கொண்டுவந்து ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டு போவார். ஒரு நாள் தைத்த கொடியைக் கொடுக்க நானே கேட்டுக்குப் போனேன். கேட்டு சாத்தியிருந்தது. நெல் மூட்டை ஏற்றிய வண்டிக்காரர் ஒருவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு, வாயை அசைத்துக்கொண்டிருந்த இவரைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணாத்த, எஞ்சினுக்கு மந்திரம் போட்டுகினு கீறியா? அது இல்லாம ஓடாதா?"

இவர் திரும்பிப் பார்க்கவில்லை. கார்டு வண்டி போனதும் கொடியைச் சுருட்டினார்.

"எஞ்சினுக்கு இல்ல நைனா. கம்பவுண்டர் வூட்டுக்கு. அந்தம்மாவுக்கு இடுப்பு வலி."

"ரயிலுக்கும் இடுப்பு வலிக்கும் இன்னாயா சம்பந்தம்?"

"எனக்கு மறதி ஜாஸ்தி. ரயிலு மறக்காம வந்துடுது. அதான் அதுகூடக் கட்டிப் போட்டு வச்சிகீறேன்."

வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே மாட்டை ஓட்டினார். நான் கொடியைக் கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டுக்கும் ஏதாவது வண்டி உண்டா என்று கேட்டேன். அரக்கோணம் வண்டி என்றார். அதை ஏன் எனக்கு வைத்தார் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"நீ கடையத் தொறந்து மிஷின்ல குந்துற நேரம் ஒம்போதே முக்கால். அப்ப ஊசி வெரல்ல ஏறாம இருக்கணும்ல தம்பி."

எனக்குத் தெரியாமல் இரண்டு வருஷமாக என் விரலுக்காக ஒரு மனிதர் வெயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்கு நான் கடைக்குத் திரும்பி வந்து என் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஜெபத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. எஞ்சின் போகும்போது வீட்டுக்காரர் பெயர். முதல் பெட்டிக்கு மனைவி பெயர். அடுத்த பெட்டிகளுக்குப் பிள்ளைகள். எங்கள் வண்டியில் எஞ்சினுக்கு நான், முதல் பெட்டிக்கு என் மனைவி, இரண்டாவது பெட்டிக்கு எங்கள் ஒரே மகள் கிருபா. நான் மிஷின் போட்டிருந்தது ஒரு முஸ்லிம் பெரியவருடைய ஜவுளிக்கடையில். அவர் இதைக் கேள்விப்பட்டு ஒரு நாள் கேட்டுக்காரரை மடக்கினார்.

"எல்லாருக்கும் வண்டி குடுக்கிறீரு. இந்தக் கெழவனுக்கு ஒரு தள்ளுவண்டிகூடக் கெடையாதா?"

"பாய், டைலர் வண்டில கடசிப் பெட்டி உங்களுதுதான். நீங்க நல்லா இருந்தாத்தான இவனுக்கு வேலை."

பாய் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒன்பதே முக்கால் வண்டிச் சத்தம் கேட்டால், துணி அளந்துகொண்டிருந்தாலும் கஜக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பார். வாடிக்கைக்காரர்கள் என்ன என்று கேட்டால், "என் பெட்டி போவுது" என்பார்.

ஜெபம் எவ்வளவு நேரம் என்பதையும் வண்டிதான் முடிவு செய்யும். "கார்டு வண்டி தாண்டினா ஆமென்" என்பது அவர் சட்டம். அந்தச் சட்டமும் ஒரு தப்பிலிருந்து வந்ததுதான். முன்னொரு காலத்தில் வாத்தியார் வீட்டில் ஏதோ கஷ்டம் என்று உருகி ஜெபித்துக்கொண்டே நின்றுவிட்டாராம். வண்டி போய் வெகுநேரமாகியும் கேட்டு திறக்கவில்லை. இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்து ஒரே கூச்சல். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் காகிதம் வந்தது. ஏன் தாமதம் என்பதற்கு, "வாத்தியார் குடும்பம் முடியவில்லை" என்று உள்ளதை எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்தாராம். படித்தவர் என்ன புரிந்துகொண்டாரோ, மறு காகிதம் வரவில்லை.

"வளவளன்னு பேசக் கூடாது தம்பி. நம்ம சங்கதி ஆண்டவருக்குத் தெரியும். பேரச் சொல்லி, இன்னா வேணும்னு சொல்லி, கேட்டத் தொறந்துடணும். ஜனங்க நிக்கிறாங்கல்ல" என்பார். நீளமாக ஜெபிக்கிற எங்கள் போதகரைப் பற்றி மட்டும் ஒரு தரம் மெதுவாகச் சொன்னார்: "ஐயரு ஜெபத்துக்கு ரெண்டு கூட்ஸ ஒண்ணா மாட்டி ஓட்டணும்."

கூட்ஸ் என்றதும் ஆயாம்மா ஞாபகம் வருகிறது. பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த விதவை அவர். தன் வீட்டுக்குக் கொடுத்திருப்பது கூட்ஸ் வண்டி என்று யாரோ சொல்லிவிட, ஆராதனை முடிந்து வெளியே வந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டார்.

"ஐயருக்குப் பாசஞ்சரு. வாத்தியாருக்குப் பாசஞ்சரு. டைலருக்குக்கூட அரக்கோணம் வண்டி. எனக்கு மட்டும் உப்பு மூட்டையும் எருமை மாடும் ஏத்திகினு போற வண்டியா? நான் இன்னா, சபைக்குச் சந்தா கட்டலியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேட்டுக்காரர் சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அக்கா, பாசஞ்சர்ல அஞ்சு பெட்டி, ஆறு பெட்டி. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள பூடும். கூட்ஸ்ல நாப்பது. அதுக்கு நேரமும் கெடையாது. எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. உனக்கு எப்ப பிரசவம் வருமோ அப்ப ஓடணும். அதான் உன்னக் கூட்ஸ்ல வச்சேன். காலைலேர்ந்து எப்ப வரும் எப்ப வரும்னு உன் ஞாபகமாவே கீறேன்."

ஆயாம்மா வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டார். "நாப்பது பெட்டிக்கும் நானேவா?" என்று மட்டும் கேட்டார்.

"நீ முதப் பெட்டி. மிச்சம், அன்னிக்கு நீ கையில வாங்கின கொழந்தைங்க."

அப்புறம் அந்த அம்மாள் கூட்ஸ் என்று சொன்னால் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வார்.

கோயிலில் கேட்டுக்காரர் கடைசி வரிசையில் உட்காருவார். பாட்டில் குரல் கேட்காது. இராப்போஜனத்துக்கு எல்லாரும் முன்னால் போய் முழங்கால் போட்டு, போதகர் கையிலுள்ள ஒரே பாத்திரத்தில் திராட்சரசத்தை ஒருவர் பின் ஒருவராகக் குடிப்போம். அவர் எல்லாருக்கும் கடைசியில்தான் போவார். எவ்வளவு தாழ்மை என்று நாங்கள் பேசிக்கொள்வோம். ஞாயிறு மத்தியானங்களில் அவரை எங்கும் பார்க்க முடியாது. வாரமெல்லாம் நின்றவர், தூங்குவார் என்று நினைத்துக்கொண்டோம். அவர் மனைவி செத்து வெகு காலம் ஆகியிருந்தது. ஒண்டிக்கட்டை என்றே எல்லாருக்கும் எண்ணம். நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.

கிருபாவுக்கு நாலு வயது முடிந்திருந்தது. மழைக்காலத்துக் கடைசியில் காய்ச்சல் வந்தது. முதல் நாள் சாதாரணமாகத்தான் தெரிந்தது. மறுநாள் கண் திறக்கவில்லை. டாக்டர் வந்தார், ஊசி போட்டார். என் மனைவி பிள்ளையை மடியை விட்டு இறக்கவில்லை. ஒன்பதே முக்கால் ஆனால் தலையைத் தூக்கி வண்டிச் சத்தத்தைக் கேட்பாள். கேட்டதும் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வரும். "அண்ணன் சொல்லிகினு கீறாரு" என்பாள். ஐந்து நாளும் அப்படித்தான். ஐந்தாம் நாள் வண்டி போய் அரை மணி ஆகியிருக்காது, பிள்ளை போய்விட்டது.

அடக்கத்துக்குக் கேட்டுக்காரர் வந்தார். ஒரு பிடி மண் போட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் போய்விட்டார். அப்போது எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

என் மனைவி அதற்குப் பிறகு ஜெபத்தை விட்டாள். கோயிலை விட்டாள். சாப்பிடுமுன் கண்ணை மூடுகிற பழக்கத்தையும் விட்டாள். என்னோடு சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. ஒன்பதே முக்காலுக்கு வண்டிச் சத்தம் எழும்பும்போது, உரலை இழுத்துப் போட்டு அதில் ஒன்றும் இல்லாமலே உலக்கையைப் போட்டு இடிப்பாள். வண்டி போய்ச் சத்தம் அடங்குகிறவரை வெறும் உரலை இடிப்பாள். நான் கடைக்குத் தாமதமாகப் போன ஒரு நாள் அதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அவளே சொன்னாள்.

"நான் எங்கப்பா வூட்டுக்குப் போறேன். அங்க ரயிலு கெடையாது."

மகாபலிபுரத்துக்கு இந்தப் பக்கம், கால்வாய்க்கரையில் ஒரு குப்பம் அவள் ஊர். மாமனார் சவுக்கு விறகுப் படகு தள்ளுகிறவர். நான் கொண்டுபோய் விட்டேன். பிறகு இரண்டு தரம் கூப்பிடப் போனேன். சோறு போட்டாள், துணி துவைத்துப் போட்டாள். கிளம்பும்போது மட்டும் தெளிவாகச் சொன்னாள்.

"நீங்க வாங்க, போங்க. என்னக் கூப்புடாதீங்க. அந்த ஊர்ல அந்த வண்டி ஓடுற வரைக்கும் நான் வரல."

வண்டி எப்படி நிற்கும்? அவள் வரமாட்டாள் என்றே எனக்குத் தெரிந்துவிட்டது. பூட்டிய வீட்டுக்குத் திரும்புவதும், தானே பொங்கித் தின்பதுமாக மாதங்கள் போயின. நான் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. அவளுடைய வெறும் உரல் மாதிரிதான் நானும் இடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் நேரே கேட்டுக்குப் போனேன்.

"அண்ணே, எங்க வூட்ட விட்டுடுங்க. அந்த வண்டிய வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். தண்டவாளத்தைப் பார்த்தார்.

"வண்டிய நிறுத்தறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல தம்பி. கேட்டு மூடுறது மட்டுந்தான் என் வேலை."

"நீங்க ஜெபம் பண்ணி இன்னா ஆச்சு?" என்று கேட்டுவிட்டேன். அப்படி ஒரு வார்த்தையை அவரிடம் சொல்லுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வண்டி வருகிற நேரமாகிவிட, கேட்டைச் சாத்தப் போய்விட்டார்.

அடுத்த வாரம் என் கடைக்கு வந்தார். கையில் கொடி இல்லை.

"தம்பி, சனிக்கெழம லீவு போட்டுட்டேன். உன் மாமனாரு வூட்டுக்கு என்னக் கூட்டிகினு போ. தங்கச்சிகிட்ட ஒரு சங்கதி சொல்லணும். உன்கிட்டயும் சொல்லணும். ஆனா அதுகிட்டதான் முன்னாடி."

அவர் லீவு போட்டு யாரும் பார்த்ததில்லை. சனிக்கிழமை பஸ்ஸுக்குப் போகிற வழியில் கேட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். மாற்று ஆள் கொடியோடு நின்றிருந்தான். பக்கத்தில் நிழலில் ஆயாம்மா வெற்றிலைப் பையோடு உட்கார்ந்திருந்தார்.

"நீ போ அண்ணாத்த. எந்த வண்டி யாருதுன்னு எல்லாம் பாடம் பண்ணிட்டேன். கொடியத்தான் புடிக்கக் கூடாது, வாயத் தொறக்கலாம்ல?"

"கூட்ஸ் வந்தா உன் பேர நீயே சொல்லிக்காத. அத்த நான் போற எடத்துல சொல்லிக்கிறேன்" என்றார் இவர்.

 திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை பஸ்ஸில் அவ்வப்போது அவர் உதடு அசைந்தது. எந்த வண்டி எந்த நேரத்துக்கு என்பது அவர் உடம்பிலேயே ஓடிக்கொண்டிருந்தது. முன்பகலில் கால்வாய்க்கரையில் இறங்கி நடந்தோம். சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்தது. என் மனைவி கரைமேல் பாய் விரித்து, சென்னாக்குன்னி என்கிற பொடி இறாலைக் காயவைத்துக் காக்கை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. குரல் மட்டும் கட்டை மாதிரி இருந்தது.

"வாங்கண்ணே. ஜெபம் பண்ண வந்திருந்தா வேணாம். மோர் தரேன், குடிச்சிட்டுப் போங்க."

"ஜெபம் பண்ண வரலம்மா. ஒரு தப்பு பண்ணிட்டேன். அத்தச் சொல்ல வந்தேன்."

அவள் கையிலிருந்த குச்சியைக் கீழே போடவில்லை. அவர் நின்றபடியே சொன்னார்.

"பாப்பாவுக்கு ஜொரம் அடிச்ச அஞ்சு நாள்ல, மூணாம் நாளு நான் கேட்ல இல்ல. வேற ஆளு கொடி புடிச்சான். அவனுக்கு இதெல்லாம் தெரியாது. உங்க வண்டி சும்மா போச்சும்மா. நீ வூட்ல சத்தத்தக் கேட்டு, அண்ணன் சொல்லிகினு கீறான்னு நெனச்சிருப்ப. நான் சொல்லல. ஏழு மாசமா இத்த வயித்துல வச்சிகினு கீறேன். உன் புருசன் வந்து, நீ ஜெபம் பண்ணி இன்னா ஆச்சுன்னு கேட்டான். பண்ணேன்னு சொல்ல எனக்கு வாயில்ல."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அதை மறைத்துச் சொல்வது நியாயமில்லை. ஒரு வண்டி தப்பியதால் பிள்ளை போகாது என்று புத்திக்குத் தெரியும். ஆனாலும் மூன்றாம் நாள் என் மனைவி தலையைத் தூக்கிச் சத்தம் கேட்டது கண்ணுக்கு முன்னால் வந்தது. அவள் என்ன செய்வாளோ என்று பயந்தேன். இனி அந்த வண்டி ஓடும் ஊருக்கு இவள் எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை என்று நினைத்தேன்.

அவள் கேட்டது ஒன்றுதான்.

"எங்க போனீங்க?"

"என் புள்ளையப் பாக்க."

நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"உங்களுக்குப் புள்ள கீறானா?" என்றாள்.

"கீறான். இருவது வயசு ஆவுது. பாட்டி ஊர்ல வளந்தவன், இப்ப நம்மூருக்கு வெளிய கீதே பெரிய ஆஸ்பத்திரி, அங்க கீறான். ரெண்டு வருசம் ஆச்சு."

அந்த ஆஸ்பத்திரி எந்த நோய்க்கு என்று செங்கல்பட்டில் எல்லாருக்கும் தெரியும். கை கால் விரல்களைத் தின்கிற அந்த நோயின் பெயரைச் சத்தமாகச் சொல்லமாட்டோம், பெருவியாதி என்போம்.

"அன்னிக்கு அவனுக்கு ஒடம்பெல்லாம் வீங்கி, பேச்சு மூச்சு இல்லன்னு ஆள் அனுப்பிட்டாங்க. சொல்லிட்டுப் போக எனக்கு யாரு கீறாங்க? சபையில ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சா என் பக்கத்துல குந்துவாங்களா? ராப்போஜனத்துல நான் குடிச்ச பாத்திரத்துல எனக்கு அப்புறம் யாரு வாய் வைப்பாங்க? எனக்கு இல்லதான், டாக்டரு பாத்துட்டாரு. இருந்தாலும் மனுசங்க மனசுன்னு ஒண்ணு கீதுல்ல. அதான் கடசியா போயி வாங்கிக்கிறேன்."

நாங்கள் தாழ்மை என்று பேசிக்கொண்டது இதைத்தான். ஞாயிறு மத்தியானம் தூங்குகிறார் என்று நினைத்தது இதைத்தான். சொந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்க, இந்த மனிதர் என் விரலில் ஊசி ஏறக் கூடாது என்று கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.  

பாயின்மேல் காக்கைகள் இறங்கின. என் மனைவி ஓட்டவில்லை.

"உங்க புள்ளைக்கு எந்த வண்டிண்ணே?" என்றாள்.

யார் வீட்டைக் கேட்டாலும் யோசிக்காமல் வண்டி சொல்லுகிறவர், கால்வாய்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் விடாமல் மறுபடி கேட்டாள்.

"அவனுக்கு வண்டி குடுக்கலம்மா."

"ஏன்?"

"அவன நெனச்சா எனக்குக் கை ஆடுது. கை ஆடினா கொடி ஆடும். கொடி ஆடினா டிரைவரு ஆபத்துன்னு நெனச்சி வண்டிய நிறுத்திடுவான். வண்டி நிறைய ஜனங்க கீறாங்க. ஒரு தபா அப்படி ஆயிடுச்சு. அதுலேர்ந்து வேல நேரத்துல அவன நெனக்கிறதில்ல. வூட்டுக்குப் போயி குந்துனா, வார்த்த வர மாட்டேங்குது. அழுகதான் வருது. அவனுக்காக நான் இதுவரைக்கும் ஒழுங்கா ஒரு ஜெபம் பண்ணதில்லம்மா."

என் மனைவி கையிலிருந்த குச்சியைப் பாய் ஓரத்தில் வைத்தாள்.

"எங்க வண்டில ரெண்டாவது பெட்டி வரும்ல. கிருபா பெட்டி. இப்ப அது வரும்போது இன்னா பண்றீங்க?"

"பேர மட்டும் சொல்லிட்டு, சும்மா நிக்கிறேம்மா. அத்த வேற யாருக்கும் குடுக்க மனசு வரல."

ஏழு மாதமாக அழாத என் மனைவி அப்போது அழுதாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே அழுதாள். கிட்டே போகலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நீங்க போனதுதாண்ணே சரி. அந்தப் புள்ள உசுரோட கீதே."

தெற்கே இருந்து ஒரு விறகுப் படகு வந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் கரையில் கயிறு போட்டு இழுக்க, ஒருவர் பின்னால் நின்று கழி ஊன்றினார். நடக்கிற மனிதனைவிட மெதுவாக வந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"இங்க வண்டி கெடையாது. படகுதான் கீது. புள்ள பேரு இன்னா?"

அவர் சொன்னார். சபையில் அதுவரை யார் காதிலும் விழாத பெயர்.

படகின் முனை எங்களுக்கு நேராக வந்ததும் அவள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். கண்ணை மூடவில்லை. படகைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஆண்டவரே, உங்ககூடப் பேசி ஏழு மாசம் ஆச்சு. உங்க மேல எனக்கு இன்னும் கோவந்தான். அது கெடக்கட்டும், அத்த அப்புறம் பேசிக்கலாம். இந்த அண்ணன் புள்ள ஒண்ணு ஆஸ்பத்திரில கீது. அதுக்காக இதுவரைக்கும் யாரும் உங்கள வந்து கேக்கலியாம். நான் கேக்கறேன்."

அந்தப் பிள்ளையின் கால்களுக்காகக் கேட்டாள். கை விரல்களுக்காக ஒவ்வொன்றாகக் கேட்டாள். தனியாகப் படுத்திருக்கும்போது பயம் வராமல் இருக்கக் கேட்டாள். அவர் பக்கத்தில் நின்றார். இரண்டு கையும் ஆடிக்கொண்டிருந்தன. அவர் அதை நிறுத்தப் பார்க்கவில்லை. படகு முழுவதும் தாண்டி, கழி ஊன்றியவர் முதுகும் தோப்பு மறைவில் போய்விட்டது. அவள் நிறுத்தவில்லை. கிருபா பெயரும் அதில் எங்கோ வந்தது. நாங்கள் பிடிக்கவேண்டிய பஸ் தூரத்தில் ஹாரன் அடித்துவிட்டுப் போன சத்தம் எனக்குக் கேட்டது. நான் அசையவில்லை.

ஆமென் சொன்ன பிறகு அவள் உட்கார்ந்து, காக்கை தின்றது போக மிச்சமிருந்த சென்னாக்குன்னியை ஒரு துணியில் அள்ளிக் கட்டினாள்.

"இத்த வறுத்துக் குடுத்தா தின்னுமா அந்தப் புள்ள? ஆஸ்பத்திரில வுடுவாங்களா?"

"தின்பான்மா. அவங்கம்மா செய்வா. சின்ன வயசுல உசுரு அவனுக்கு."

அவள் குடிசைக்குள் போனாள். மாமனாரோடு ஏதோ பேசுகிற குரல் கேட்டது. திரும்பி வந்தபோது இடுப்பில் அவளுடைய துணி மூட்டை இருந்தது. ஊருக்கு வருகிறேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூட்டையை என் கையில் கொடுத்தாள்.

"பஸ்ஸு பூடுச்சு, திருக்கழுக்குன்றம் வரைக்கும் நடக்கணும். நீங்க இத்த எடுத்துகினு முன்னாடி போங்க. அந்தப் புள்ளைக்கு இன்னும் இன்னா இன்னா புடிக்கும்னு அண்ணன்கிட்ட கேட்டுகினே வரேன்."